பறை காய்ச்சப் போன கதை

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். பறையைச் சூடு பண்ணிக் கொண்டாரணும்.

எங்க பேண்டோட முதல் ஆல்பம். தட்டாஞ்சாவடியில, பட்டறைங்களுக்கு நடுவுல ஒரு ஸ்டூடியோ. கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. பாடுற மரியா சாயங்காலம் பிரான்சுக்குக் கிளம்புறா. நேத்து முடிக்கலன்னா ஆறு மாசத்துக்கு ஆல்பம் கிடையாது.

ஏசி குளிர்ல பறைத்தோல் தொளதொளன்னு ஆயிடுச்சு, சூடு காட்டுனாத்தான் விறைப்பாகும். எப்பவும் பறை அடிக்கிற ஆரோக்கியம் அண்ணன்தான் காய்ச்சுவாரு. அவரு உள்ள கோரஸ் பாடணும். கிட்டார்காரன் நான் சும்மாதான் உக்காந்திருந்தேன். பறையை என் கையில குடுத்தாரு.

"டேய், மூட்டையில வைக்கோல் இருக்கு. கொளுத்தி, இளஞ்சூடா காட்டு. அவசரப்படாத."

"இதெல்லாம் ஒரு வேலையாண்ணே?"ன்னேன். வாய்க்கொழுப்பு!

வாசல்ல கொளுத்துனேன். குபுகுபுன்னு புகை. பக்கத்துப் பட்டறை வாட்ச்மேன் "ஐயய்யோ நெருப்பு!"ன்னு ஓடிவந்து ஒரு பக்கெட் தண்ணிய அப்படியே ஊத்திட்டாரு. நெருப்பு, வைக்கோல், பறை, நானு, எல்லாம் தொப்பல்!

"யோவ், பறை காய்ச்சுறேன்யா!"

"அதைச் சொல்லிட்டுக் காய்ச்சக் கூடாதா?"

நியாயமாத்தான் கேட்டாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

எதிர்ப் பட்டறையில இரும்பு கேட்டுக்குப் பெயிண்ட் அடிச்சு, பெரிய அடுப்புல வச்சுக் காயவைக்கிறாங்க. ஓடுனேன்.

"அண்ணே, அஞ்சே நிமிஷம். இதையும் உள்ள வச்சுக் குடுங்க."

"தம்பி, இது இரும்பு காயவைக்கிற சூடு."

"இரும்பே தாங்குதுண்ணே, தோல் தாங்காதா?"

அறிவாளியாட்டம் பேசிட்டேன். அவரும் தலையில அடிச்சுக்கிட்டு உள்ள வச்சாரு.

மூணாவது நிமிஷம் 'டமார்!'

திறந்து பாத்தா நடுவுல ஓட்டை. என் தலையே உள்ள போகும்.

ஸ்டூடியோவுக்குள்ள போனேன். மரியா, "போச்சு, எல்லாம் போச்சு!"ன்னு உக்காந்துட்டா. ஆரோக்கியம் அண்ணன் ஓட்டையைப் பாத்தாரு. அந்த ஓட்டை வழியா என்னையும் பாத்தாரு. பறையை மெதுவா கீழ வச்சிட்டு, என் முதுகுல ஓங்கி ஒண்ணு வச்சாரு.

'தொம்!'

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங் பண்றவரு துள்ளி எழுந்தாரு.

"ண்ணா! அந்த சத்தம் சூப்பரா இருக்கு. மைக்குகிட்ட வந்து இன்னொரு வாட்டி அடிங்க!"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. மரியா கண்ணைத் தொடச்சிக்கிட்டு, "ப்ளீஸ்டா"ன்னா. என்ன பண்றது, சட்டையைக் கழட்டுனேன்.

பதினோரு டேக்! ஒவ்வொண்ணுக்கும் ஆரோக்கியம் அண்ணன் முகத்துல அப்படி ஒரு திருப்தி. மரியாவும் நேரத்துக்குக் கிளம்பிட்டா.

ஆல்பம் வந்ததும் கேளுங்க. ரெண்டாவது சரணத்துல "அம்மா!"ன்னு ஒரு உருக்கமான குரல் வரும், அதுவும் நான்தான்.