டிரான்ஸ்பார்மருக்கு ஒரு புது வேட்டி

பளபளவென்று இருக்கும் எதையும் நான் நம்புவதில்லை. காரணம் என் மாமனார்.

நான் மின்சார இன்ஜினியர். கல்யாணமான புதிதில், பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்குப் பக்கத்து டிரான்ஸ்பார்மரைச் சோதிக்கும் வேலை வந்தது. என் புகுந்த வீடும் அதே தெருவில்தான். அன்று சாயங்காலம் நாத்தனாருக்கு நிச்சயதார்த்தம் வேறு. அதற்குள் முடித்து விளக்கெரிய வைப்பதாகப் பெரிய இவளைப் போல வாக்குக் கொடுத்திருந்தேன். (யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.)

காலையிலேயே லைனை நிறுத்தியாயிற்று. சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனால், டிரான்ஸ்பார்மர் கல்யாணப் பெண் மாதிரி மின்னியது. சந்தனம், குங்குமம்கூட வைத்திருந்தார்கள். வலையை அப்படியே போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்த பாதி ஊருக்கு முன்னால் மெக்கர் என்ற சோதனைக் கருவியை மாட்டினேன். மின்சாரம் கசியாமல் தடுக்கும் காப்பு உறுதியாக இருந்தால் அதன் முள் மேலே ஏற வேண்டும். அசையவே இல்லை. சோதிக்கும் முன் மேலேயிருக்கும் பீங்கான்களைத் துடைக்க வேண்டும் என்பது முதல் பாடம். இவ்வளவு சுத்தமானதைத் துடைப்பானேன் என்று விட்டிருந்தேன்.

"இது செத்துப்போச்சு" என்று டாக்டர் குரலில் அறிவித்தேன். நாத்தனார் அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வீட்டார் ஆரம்பாக்கத்திலிருந்து கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. மாமியார் என்னைப் பார்த்த பார்வையை எந்தக் காப்பும் தாங்காது.

வேறு வழியில்லாமல் அண்ணாந்து பார்த்தேன். பீங்கானிலிருந்து ஒரு சொட்டு என் உதட்டில் விழுந்தது. உப்புக் கரித்தது. இதை யார் கழுவியது என்று கேட்டேன்.

எல்லோரும் நைனா என்று கூப்பிடும் மாமனார் முன்னால் வந்தார். "நாந்தாம்மா. கரண்டு இல்லைனு கேட்டுக்கினுதான் கய்வினேன். மருமவ மொத மொத கை வெக்கிற மிசினு, அயுக்கா இருந்தா இன்னா மரியாதை? ஏரித்தண்ணி நாலு கொடம் ஊத்தினேன்."

முள் ஏறாததற்கு, பீங்கான் மேல் மின்சாரத்தைக் கசியவிட்ட அந்த உப்புத்தண்ணீர்தான் காரணம். எனக்குக் கோபமே வரவில்லை. அப்பாவுக்குப் பிறகு எனக்காக யாரும் இப்படி மெனக்கெட்டதில்லை.

நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு, துடைக்கக் காய்ந்த துணி கேட்டேன். நைனா வீட்டுக்கு ஓடி, நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த புது வேட்டியைக் கொண்டுவந்து, நான் தடுப்பதற்குள் கிழித்தும் விட்டார். துடைத்து, வெயிலில் காயவிட்டு, மறுபடி மாட்டினேன். முள் விறுவிறுவென்று ஏறியது. நான் போட்ட கூச்சலில் கல்லறைக்குள் டச்சுக்காரர்கள் புரண்டு படுத்திருப்பார்கள்.

தெருவெல்லாம் விளக்கெரிய, சம்பந்தியை நைனா கட்டம் போட்ட லுங்கியில் வரவேற்றார். ஆல்பத்தில் இருக்கிறது. இன்றும் வீட்டு விசேஷத்துக்கு ஜவுளி எடுக்கப் போனால் மாமியார் இரண்டு வேட்டி கேட்பார். ஒன்று நைனாவுக்கு, இன்னொன்று டிரான்ஸ்பார்மருக்கு.