அறுபது நாற்காலிகளும் ஏழாவது டாக்டரும்

"அப்பா, இந்த டாக்டரம்மா எங்கே தூங்குவாங்க?"

வரவேற்பு விழாவில் நான்காவது சொற்பொழிவு நடந்துகொண்டிருந்தபோது ஆறு வயதுச் சிறுமி பிஞ்சு இப்படிக் கேட்டாள். அவளுடைய அப்பா ஹர்க்கமான் ஆலே குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவர் 'மருத்துவர் தக்கவைப்புக் குழு'வின் செயலாளர். சொற்பொழிவைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். குழந்தைகளின் கேள்விகளுக்கு அந்தக் குறிப்பேட்டில் இடம் ஒதுக்கப்படவில்லை.

உலகெங்கும் மலைக்கிராமங்கள் ஒரு டாக்டருக்காகத் தவம் கிடக்கின்றன. நேபாளத்தின் சிம்லேடாண்டாவுக்கு அந்தக் குறையே கிடையாது. ஐந்தே வருடங்களில் ஏழு டாக்டர்கள்! காட்மாண்டுவின் எந்தத் தெருவுக்கு இந்தப் பெருமை உண்டு? ஒவ்வொருவருக்கும் ஒரு வரவேற்பு விழா, ஒரு பிரிவுபசார விழா. இரண்டையும் கண்டவர்கள் பிரிவுபசாரம்தான் இன்னும் நேர்த்தி என்பார்கள்.

சுகாதார நிலையத்தை ஒட்டி, டாக்டர் தங்குவதற்கென்று அரசு ஓர் அறை கட்டிக் கொடுத்திருந்தது. ஊரில் ஒழுகாத கூரை அது ஒன்றுதான். ஆகவே விழாவுக்கான சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் அறுபதையும் அங்கேயே பூட்டிவைப்பது என்று குழு 'ஏகமனதாக' முடிவு செய்தது. டாக்டர்கள் ஊசி போடும் அறையின் பெஞ்சில் படுத்தார்கள். அந்தத் தகரக் கூரை ஒழுகத்தான் செய்யும். ஆனால் டாக்டர் நனைந்தால் காய்ந்துவிடுவார்; வெல்வெட் அப்படியா?

ஏழாவதாக வந்தவர் டாக்டர் சுபிதா கர்மாச்சார்யா. பிஞ்சு கேள்வி கேட்ட அந்த விழாவில், கழுத்தில் பதினோரு சாமந்தி மாலைகளோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். அப்போது பக்கத்து வீட்டுப் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஹர்க்கமான் அண்ணே! அண்ணிக்குக் குழந்தை பொறந்துடுச்சு, ரத்தம் நிக்கவே மாட்டேங்குது!"

டாக்டர் மாலைகளோடு மேடையிலிருந்து குதித்தார்.

"டாக்டரம்மா, தலைமையுரை பாக்கி இருக்கே!" என்று பதறினார் குழுத்தலைவர் லோகராஜ் புடாதோகி.

"நீங்க பேசிட்டே இருங்க. வந்து கைதட்டுறேன்."

அந்தி சாய்வதற்குள் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிள்ளையின் தலைமுடியில் ஒரு சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. தலைவர் சொல்லச் சொல்ல, ஹர்க்கமான் குறிப்பேட்டில் எழுத வேண்டியதாயிற்று: 'சிறப்பு விருந்தினர் தலைமையுரையின்போது வெளிநடப்புச் செய்தார்.'

மூன்று மாதம் போனது. அடைமழைக் காலத்தில் டாக்டர் இருமிக்கொண்டே ஓர் உறையை ஹர்க்கமானிடம் நீட்டினார். ராஜினாமா. மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டியது செயலாளரின் பொறுப்பு.

"எனக்கு வேற எந்த ஆசையும் இல்ல அண்ணே. குடையைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்க முடியல, அவ்வளவுதான்."

குழு அவசரமாகக் கூடியது.

"அறை கேக்குறாங்களா? பதினோரு மாலை போட்டோமேய்யா!"

"பட்டுச் சால்வையும் போத்தினோம். மழை வந்தா அதைத் தலையில போட்டுக்கிட்டா ஆகாதா?"

ஹர்க்கமான் மெல்ல எழுந்தார். "தலைவரே, அந்த நாற்காலிகளை வேற எங்கயாவது..."

"எங்கயாவது வச்சு நனையவிட்டா, பிரிவுபசாரத்துக்கு வர்றவங்க எதுல உக்காருவாங்க? கொஞ்சம் தொலைநோக்கு வேணும் ஆலே!"

எட்டாவது டாக்டருக்கு இருபத்தொரு மாலைகள் என்று தீர்மானம் நிறைவேறியது.

பிரிவுபசார நாள் வந்தது. நாற்காலிகள் மைதானத்துக்குப் போயின. காலியான அறையை எட்டிப் பார்த்த ஹர்க்கமானுக்கு அப்போதுதான் உறைத்தது: வந்த நாளை விட்டால், டாக்டர் ஊரைவிட்டுப் போகிற நாளில் மட்டும்தான் டாக்டரின் அறை காலியாகிறது.

ஊரே மைதானத்தில் இருந்தது. தலைவரின் உரையை முந்தின நாளே குறிப்பேட்டில் எழுதி முடித்திருந்தார் ஹர்க்கமான். அதை ஆறு முறை கேட்டவர் அல்லவா? நைசாக நழுவினார். அறையைப் பெருக்கினார். தன் வீட்டுக் கட்டிலைத் தலையில் சுமந்து வந்து போட்டார், ரஜாய்ப் போர்வை விரித்தார். டாக்டரின் பெட்டியைத் தூக்கிவந்து வைத்தார். அடுப்பு மூட்டித் தேநீருக்குத் தண்ணீர் ஏற்றினார். கதவுக்குப் புதுப் பூட்டு. அதன் இரண்டு சாவிகளையும் தலையணைமேல் வைத்து, பக்கத்தில் இன்னும் அனுப்பாத அந்த உறையையும் வைத்தார்.

பிறகு கைகூப்பினார். "பகவானே, தலைவர் பேச்சு இன்னும் கொஞ்சம் நீளட்டும்." சிம்லேடாண்டாவில் யாரும் வேண்டாத வரம் அது. பகவான் தாராளமாகவே அருளினார்.

தண்ணீர் கொதித்த நேரத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார் ஹர்க்கமான். விழா முடிந்தது. பெட்டியைத் தேடிப் போன டாக்டர் திரும்பி வரவில்லை. மறுநாள் காலையில் சுகாதார நிலையம் திறந்திருந்தது. டாக்டர் ஒரு கிழவரின் நாக்கை நீட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் அறுபது நாற்காலிகளும் மழையில் நின்றன. குழு கொதித்தது.

"பூட்டை மாத்தினது யாரு?"

"யாருமே பாக்கலையாம் தலைவரே."

பார்த்தவர் மேலே ஒருவர் உண்டு. அவர் கூட்டங்களுக்கு வருவதில்லை. குறிப்பேட்டில் கையெழுத்தும் போடுவதில்லை.

"வெல்வெட்டு ஊறிப்போச்சே! இப்படி நனையவிட எப்படிய்யா மனசு வந்துச்சு? மனசாட்சி வேணாமா மனுசனுக்கு?" தலைவரின் குரல் தழுதழுத்தது. "ஆலே, அப்படியே எழுதுங்க! 'மனசாட்சி'ன்னு எழுதுங்க!"

ஹர்க்கமான் பேனாவைத் துடைத்துக்கொண்டு, அழகான கையெழுத்தில் எழுதினார். ஏழு டாக்டர்கள் நனைந்த ஐந்து வருடக் குறிப்பேட்டில் அந்தச் சொல் இடம்பெறுவது அதுவே முதல் முறை.