பட்டறை மாடியிலிருந்து சம்பந்திக்கு ஒரு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைக் கொடுத்தவன் பணிவோடு எழுதுவது. தங்கள் முழங்கால் வலி குறைந்து, சம்பந்தியம்மாள் தங்களை மறுபடி கடைக்கு அனுப்புகிற அளவுக்குத் தேறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நால்வரும் சௌக்கியம். வண்டிதான் படுத்துவிட்டது. வெளிநாட்டைக் காரிலேயே சுற்றிப் பார்ப்பதென்று கிளம்பி இது மூன்றாம் நாள். அதில் இரண்டு நாளாக நாங்கள் சுற்றிப் பார்ப்பது ஒரு மெக்கானிக் பட்டறையின் மாடி ஜன்னலைத்தான். எழுதி முடித்ததும் என் மனைவி போனில் படம் பிடித்து அனுப்புவாள். போனிலேயே பேசலாமே என்பீர்கள். சுவர் மெல்லிசு, அந்தப் பக்கம் தங்கள் மகன் இருக்கிறார்.

நான் முப்பத்தொரு வருஷம் பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து லைசென்ஸ் கொடுத்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. அதனால் முன் சீட் எனக்கென்று மரியாதையாக ஒதுக்கினார்கள். இந்த நாட்டில் வண்டி சாலையின் வலது பக்கம் போகிறது, ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கிறது. ஆகவே நம்மூரில் டிரைவர் உட்காருகிற இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், முன்னால் பிடிக்க ஒன்றுமில்லை, மிதிக்கவும் ஒன்றுமில்லை. ஆனாலும் கால் சும்மா இருக்குமா? ஒவ்வொரு திருப்பத்திலும் மிதித்தேன். பின்னாலிருந்து என் மகள், “அப்பா, அது வாடகை வண்டி, தரை பிஞ்சுடும், காலை எடுங்க” என்றாள். தங்கள் மகன் நிதானத்தில் தங்களையே கொண்டிருக்கிறார். ஒரு முட்டுச் சந்தில் வண்டியைத் திருப்ப அவர் பதினோரு தடவை முன்னும் பின்னும் போனார். பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து பார்த்தார். என்னிடம் டெஸ்டுக்கு வந்திருந்தால் மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பியிருப்பேன். குறையாகச் சொல்லவில்லை சம்பந்தி, பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் பெரிய ஏரி பார்ப்பதாகத் திட்டம். ஏரியின் பெயரைப் போனில் அடித்தார் தங்கள் மகன். போனும் இடது, வலது என்று மூணு மணி நேரம் கூட்டிட்டுப் போய், வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. இறங்கிப் பார்த்தால் அதே பெயரில் ஒரு மீன் பண்ணை. சிமென்ட் தொட்டி பதினாலு. அங்கிருந்த காவலாளி பாவம், இத்தனை வருஷத்தில் தன் தொட்டியைப் பார்க்க இவ்வளவு தூரத்திலிருந்து யாரும் வந்ததில்லை போல, ஆளுக்கொரு ரப்பர் பூட்ஸ் கொடுத்து ஒவ்வொரு தொட்டியாகக் காட்டினார். பாதியில் கிளம்பினால் அவர் மனசு கஷ்டப்படும்னு பதினாலையும் பார்த்தோம். என் மனைவி எல்லாத்தையும் போட்டோ எடுத்திருக்கிறாள், தங்களுக்கும் வரும், தப்பிக்க முடியாது.

அங்கிருந்து கிளம்பி வழியில் எண்ணெய் போட நிறுத்தினோம். நாமே போட்டுக்கொள்கிற பங்க், கேட்க ஆளில்லை. தங்கள் மகன் டீசல் வண்டிக்குப் பெட்ரோலைப் போட்டுவிட்டார். கொஞ்ச தூரம் போனதும் வண்டி இருமியது, குலுங்கியது, ஒரு வயக்காட்டு ஓரமாக நின்றே போனது. மழை வேறு. நானும் தங்கள் மகனும் தள்ளினோம், என் மகள் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள், என் மனைவி குடைக்குள் இருந்து எங்களுக்கு வழி சொன்னாள். கடைசியில் ஒரு லாரி வந்து வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி இழுத்தது. நாலு பேரும் லாரிக்காரரோடு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். அந்த உசரத்திலிருந்துதான் மலை தெரிந்தது. “இதுக்கு முதல்லயே லாரியிலேயே வந்திருக்கலாம்” என்றாள் என் மனைவி.

பட்டறை மெக்கானிக் ஒரு அம்மாள். முழங்கை வரைக்கும் கிரீஸ். என் மனைவி அவருக்கு இஞ்சினம்மா என்று பெயர் வைத்துவிட்டாள். வெளியூரிலிருந்து ஏதோ பாகம் வரணுமாம், அதுவரைக்கும் மாடி அறைகளில் இருங்கள் என்று சைகையிலேயே சொன்னார். ரொம்ப நல்ல மனுஷி. ஆனால் சம்பந்தி, இந்த அம்மாளால்தான் எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

டேங்கை ஒரு டப்பாவில் காலி செய்து, அதை மோந்து பார்த்துவிட்டு, இது யார் வேலை என்று கையால் கேட்டார். நானும் தங்கள் மகனும் நின்றிருந்தோம். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கள் மகன் கையைத் தூக்கிவிட்டார். இஞ்சினம்மா தலையில் அடித்துக்கொண்டார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். என்ன மொழி என்றே தெரியாத காலண்டரை அவ்வளவு நேரம் படித்தேன்.

என்ன நடந்ததுன்னா, பங்கில் தங்கள் மகன் தயங்கினார். “மாமா, மூடியில என்னமோ எழுதியிருக்கு, வண்டி குடுத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுடவா?” என்றார். நான்தான், “முப்பத்தொரு வருஷம் வண்டி பார்த்தவன் சொல்றேன், இத்தனூண்டு வண்டி டீசலா இருக்காது, பெட்ரோலைப் போடுங்க” என்றேன். போட்டார். கை அவருடையது, வாய் என்னுடையது. அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள், “பெட்ரோலு டீசலு கூடவா தெரியாது உங்களுக்கு?” என்று பிடிபிடியென்று பிடித்தாள். அவர், “கவனிக்கலம்மா, விடு” என்றார். அவ்வளவுதான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் எங்களுக்குள் வாங்க மாமா, சாப்பிட்டீங்களா மாமா தவிரப் பேச்சு இருந்ததில்லை. அந்த மனுஷன் எனக்காக ஏன் திட்டு வாங்கணும்? எழுந்துபோய்ச் சொல்ல நினைத்தேன். கால் வரவில்லை. காரில் மட்டும் நல்லா வருகிறது.

இன்னும் நாலு நாள் அவர் பக்கத்தில் உட்கார எனக்கு முகமில்லை. அதனால் ஒரே ஒரு விண்ணப்பம். இன்று மாலை தாங்கள் மகனுக்குப் போன் செய்து, லேசாகத் தலைசுற்றல் என்று சொன்னால் போதும். பெரிதாக வேண்டாம், லேசாக. அவர் உடனே பயணத்தை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். வீட்டிலுள்ள பெரியவர்கள் ஆசியும் சின்னவர்கள் சிரிப்பும் குறைவில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே உள்ளதையெல்லாம் என் மனைவி என்னைக் கேட்காமலேயே மத்தியானம் அனுப்பிவிட்டாளாம். அதனால் இது அவசரம். நான் கீழே போய் மகளிடம் சொல்லிவிட்டேன். “அம்மாடி, அந்தப் பெட்ரோல் விஷயம்...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும்ப்பா. நான் பின் சீட்லதானே இருந்தேன், கண்ணாடி இறக்கியிருந்துச்சு.”

“அப்புறம் ஏம்மா அவரைத் திட்டுனே?”

“உங்களைத் திட்ட முடியாதே. சுவரு மெல்லிசா இருக்கேன்னுதான் கொஞ்சம் சத்தமா திட்டுனேன். நீங்க எழுந்து வர ரெண்டு நாளாச்சு.”

மாப்பிள்ளை வண்டிக்கடியில் இஞ்சினம்மாவுக்கு டார்ச் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். “மாமா, அந்தப் பெரிய ஸ்பேனரைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க” என்றார். குடுத்தேன். அப்புறம் நானும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் படுத்தேன். சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு வண்டி ஓட்டவே பிடிக்காதாம், எனக்காகத்தான் இந்தக் கார்ப் பயணமாம்.

பாகமும் வந்துவிட்டது, நாளை காலை கிளம்புகிறோம். எனவே தயவுசெய்து போன் செய்ய வேண்டாம். இதை எழுதும்போதே அவர் போன் அடிக்கிறது, “அப்பா, தலைசுத்தலா, எப்போலேருந்து?” என்கிறார். சம்பந்தி, உடனே மறுத்துவிடுங்கள். பொய்தானே அது? நிஜமாகவே நலமாகத்தானே இருக்கிறீர்கள்?