பெயர் கேட்காத காவலாளி

“பத்தே பத்து நிமிஷம், அக்கா. கம்ப்யூட்டரை அணைச்சு, ஓட்டையை அடைச்சு, திரும்பப் போட்டுடுவேன்.”

“இன்னிக்கே அடைக்கணுமா தம்பி?” என்றார் கவுன்டர் அக்கா. அவர் முன்னால் புத்தகமும் கையுமாகப் பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள். “இத்தனை வருஷம் கிடந்த ஓட்டைதானே? இன்னும் கொஞ்ச நாள் கிடந்துட்டுப் போகட்டுமே.”

சர்வர் பெருமூச்சு விட்டார். ஊர் உலகத்துக்கே ஆபத்து என்றாலும் வரிசை நகர வேண்டும், அதுதான் அக்காவின் கவலை.

சர்வர் என்பது பட்டப்பெயர். அந்த நூலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சேர்ந்த புதிதில், கூட்டத்துக்கு வந்த விருந்தாளி ஒருவர் “சர்வர் எங்கப்பா?” என்று கேட்டார். “என் ரூம்லதான் இருக்கு, நான்தான் பாத்துக்கறேன்” என்று இவர் ஆரம்பிப்பதற்குள், “அப்ப ரெண்டு காபி, ஒண்ணுல சர்க்கரை வேண்டாம்” என்று சொல்லிவிட்டார் அவர். மறுத்துப் பேசுவது இவருக்கு வராது. போய் வாங்கிவந்து கொடுத்தார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

இன்னொரு பெயரும் உண்டு: கைராசிக்காரர். மற்றக் கிளைகளில் கணினி வாரத்துக்கு ஒருமுறை படுத்துக்கொள்ளும். இங்கே பதினொரு வருடங்களில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள்கூட நின்றதில்லை. அதற்கு அவர் கடைப்பிடித்த கொள்கை ஒன்றே ஒன்று: ஓடுகிற வண்டியைக் கழற்றிப் பார்க்காதே. காலை பத்து மணிக்கு வந்ததும் கணினியின் முதுகில் செல்லமாக ஒரு தட்டு. அவ்வளவுதான்.

அன்றைக்குப் பார்த்து இரண்டு வம்புகள் சேர்ந்து வந்தன. ஓட்டையை உடனே அடைக்கச் சொல்லிக் காலையில் ஒரு சுற்றறிக்கை. மாலை நான்கு மணிக்கு மேலிடத்து அதிகாரி வருகிறார் என்று ஒரு தொலைபேசி. எல்லாக் கிளைகளின் கணினிகளையும் ஒரே இடத்தில் வைத்துவிடலாமா என்று பார்க்கத்தான் அவர் வருகிறார். இங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தால் சர்வர் பிழைத்தார். இல்லையென்றால் கணினி லாரியில் ஏறும்; சர்வர் ஊர்க்கோடியில் இருக்கும் கிழிந்த புத்தகக் கிடங்குக்குப் போவார். மாடிப்படிக்குக் கீழே, சாய்ந்த கூரையுடன், நிமிர்ந்தால் தலை இடிக்கும் அறைதான் அவருடையது. ஆனாலும் அந்த இரைச்சலுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்போது மட்டும்தான் தானும் ஏதோ ஒன்றுக்குத் தேவைப்படுகிறோம் என்று அவருக்குத் தோன்றும்.

தலைமை நூலகரிடம் போய் அனுமதி கேட்டார்.

“கர்னல்ல ஓட்டை, சார்.”

“அடப்பாவமே! எந்தச் சண்டையில?”

“பட்டாளத்துக் கர்னல் இல்ல சார். கம்ப்யூட்டருக்கு உள்ளே, எல்லாத்துக்கும் அடியில உக்காந்துக்கிட்டு, யாரை விடணும், யாரை விடக்கூடாதுன்னு பாக்குற புரோகிராம். நம்ம வாசல் காவலாளி மாதிரின்னு வெச்சுக்கங்க. பேர் சொல்லிட்டு வர்றவங்களை அவர் என்ன பண்ணுவாரு?”

“நிக்க வெச்சு ஆயிரம் கேள்வி கேப்பாரு. என்னையே கேப்பாரு.”

“பேரே சொல்லாம விறுவிறுன்னு உள்ள போனா?”

“யாரோ பெரிய மனுஷன்னு சல்யூட் அடிப்பாரு.”

“அதேதான் சார் இங்கயும். பேர் போடுற இடத்தைக் காலியா விட்டுட்டா, முதலாளியே வந்துட்டாருன்னு நினைச்சு சாவிக்கொத்தைக் கையில குடுத்துடுது. சாதாரண ஆளுக்குக்கூட எல்லா அதிகாரமும் வந்துடும்.”

தலைமை நூலகர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “நான் இருபது வருஷமா பேர் போட்டுத்தான்யா உள்ள போறேன். எனக்கு ஒரு அதிகாரமும் வரலையே” என்றார். பிறகு, “அடைச்சிடு. நாலு மணிக்குள்ள” என்றார்.

சர்வர் கணினியை அணைத்தார். இரைச்சல் நின்றதும் அறையில் ஒரு மௌனம் வந்து உட்கார்ந்தது. மாடிப்படியில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு இறங்குவது கேட்டது. அவர் தன் மூச்சையே அந்நியருடையதைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். இரைச்சல் திரும்பியது, திருத்தம் ஏறியது, பதினோராவது நிமிடம் ஓட்டை அடைபட்டது. “சமர்த்து” என்று முதுகில் தட்டினார்.

தொலைபேசி மணி அடித்தது.

“தம்பி, சீட்டுல தேதி தப்பா வருது” என்றார் அக்கா.

“எவ்வளவு தப்பு?”

“பதினஞ்சு வருஷம் பின்னாடி.”

ஓடிப் போய்ப் பார்த்தார். வரிசையில் முதலில் நின்ற பெண் சீட்டை ஆட்டிக் காட்டினாள். “சார், நான் இன்னிக்கு எடுக்குற புத்தகத்தை எட்டாங்கிளாஸ்லயே திருப்பிக் குடுத்திருக்கணுமாம்.”

அக்கா தணிந்த குரலில், “உள்ள சின்னதா ஒரு பேட்டரி இருக்குமாமே தம்பி. அது தீந்துபோச்சுன்னா, அணைச்சதும் தேதி மறந்துடுமாம்” என்றார்.

“யாருக்கா சொன்னா?”

“படிக்க வர்றவங்க பேசிக்கிட்டாங்க.”

“அதெல்லாம் இல்லக்கா. எத்தனை தடவை கரண்ட் போயிருக்கு! ஒரு தடவையாவது தேதி மாறியிருக்கா? இது ராசியான மெஷின்.”

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பழைய ரப்பர் முத்திரையை எடுத்து, தேதிச் சக்கரத்தைக் கையால் திருப்பிக் குத்த ஆரம்பித்தார்.

சர்வர் தேதியைத் திருத்தினார். அவசரத்தில் வருடத்தின் மூன்றாம் இலக்கத்தில் விரல் ஒரு கட்டம் தள்ளி விழுந்தது. பின்னால் கிடந்த காலம் ஒரே தாவலில் இன்றைய தேதியையும் தாண்டிப் பத்து வருடம் தள்ளிப் போய் நின்றது. கணினிக்குக் கடமை தெரியும். புத்தகம் எடுத்திருந்த இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கும் அந்த நொடியே செய்தி பறந்தது: ‘உங்கள் புத்தகம் பத்து ஆண்டு தாமதம். உங்கள் உறுப்பினர் உரிமை ரத்து.’

முதலில் கூப்பிட்டது அவர் மனைவி.

“ஏங்க, அந்தத் தையல் புத்தகம் போன வாரம்தானே கொண்டு வந்தீங்க? பத்து வருஷம் ஆச்சுங்கறான்?”

“வருஷம் கொஞ்சம் முன்னாடி ஓடிப்போச்சும்மா.”

“அப்ப பத்து கல்யாண நாளை மறந்திருக்கீங்க.”

“அது... ஆமா.”

“சரி, அது வழக்கம்தானே” என்று வைத்துவிட்டாள்.

அரை மணியில் வாசல் நிறைந்தது. ஒரு பெரியவர் மூச்சு வாங்க வந்து புத்தகத்தைக் கவுன்டரில் வைத்தார். “நேத்துதாம்மா எடுத்தேன். மறதி உண்டுதான், இல்லேங்கல. அதுக்காகப் பத்து வருஷமா?”

“இருக்காது தாத்தா, உக்காருங்க” என்றார் அக்கா.

சர்வர் வருடத்தைச் சரிசெய்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் ஒரு மன்னிப்புச் செய்தி அனுப்பினார். ஒவ்வொரு மன்னிப்பும் தன் வாலில் பழைய மிரட்டலையும் கட்டிக்கொண்டு போனது. வாங்கியவர்கள் பதில் போட்டார்கள். சிலர் திட்டி, சிலர் நன்றி சொல்லி, ஒருவர் தன் பத்து வருடக் கதையையே எழுதி. மூன்று மணிக்குக் கணினித் திரையில் ஒரே ஒரு வரி நின்றது: ‘இடமில்லை.’ அதன்பின் எந்த விசைக்கும் அது அசையவில்லை.

சர்வர் நாற்காலியில் சாய்ந்தார். பதினொரு வருடங்களாக அதிலிருந்து ஒரு குப்பையைக்கூட அவர் அள்ளி வெளியே போட்டதில்லை. ஆனாலும் அது ஒரு நாளும் நிறைந்ததில்லை. அதையும் ராசி என்றே நினைத்திருந்தார்.

வேறு வழி தெரியாமல் மாடிக்குப் போனார். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைப் பராமரிப்பது எப்படி என்று தலையணை கனத்தில் ஒரு புத்தகம் அங்கே உண்டு. சேர்ந்த நாளிலிருந்து படிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த புத்தகம். எடுத்துப் பிரித்தார். பின்னட்டைத் தேதிச் சீட்டில் முத்திரை குத்த இடமில்லாமல், அதன் மேல் இன்னொரு சீட்டு, அதன் மேல் இன்னொன்று. ஓரங்களில் பென்சில் கோடுகள். பரீட்சைக்குப் படிக்கும் எவனோ விழுந்து விழுந்து படித்திருக்கிறான். பாவம், எத்தனை முறை தோற்றானோ.

முதல் அத்தியாயத்தின் முதல் வரியின் அடியில் இரட்டைக் கோடு போட்டிருந்தது: ‘கோளாறு வந்தால் முதலில் பதிவேட்டைப் படி.’

அவர் பதிவேட்டைத் திறந்ததே இல்லை. கணினியை ஒருவழியாக உசுப்பி எழுப்பித் திறந்தார். யார் யார் எப்போது உள்ளே வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று வரி வரியாக ஓடியது. கொஞ்ச தூரம் படித்ததும் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தினமும் காலை எட்டு நாற்பது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. அதிகாரம்: அனைத்தும்.

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. பதினொரு வருடங்கள். விடுமுறை நாள்களைத் தவிர எல்லா நாளும் ஒருவன் அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறான். என்ன எடுத்துப் போனான் என்று பதறிப் பதறிப் படித்தார். எடுத்ததாகத் தெரியவில்லை. தேதியைச் சரிபார்த்திருக்கிறான். குப்பையை அள்ளியிருக்கிறான். பிரின்டரில் சிக்கி நின்றதை நீக்கியிருக்கிறான். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு எட்டு ஐம்பதுக்குப் போயிருக்கிறான். கரண்ட் போய் வந்த நாள்களில் அடுத்த நிமிடமே வந்து தேதியைத் திருத்தியிருக்கிறான். வீடு புகுந்த திருடன் பாத்திரம் துலக்கி, வீட்டைப் பெருக்கி, கோலம் ஒன்றுதான் போடவில்லை.

மணி மூன்று முப்பத்தைந்து. யோசிக்க நேரமில்லை. திருடன் செய்ததை வரிசை மாறாமல் தானும் செய்தார். அவன் அள்ளியதுபோல் அள்ளினார், நீக்கியதுபோல் நீக்கினார். மூன்று ஐம்பத்தைந்துக்குக் கணினி எதுவுமே நடக்காததுபோல் இரைய ஆரம்பித்தது.

அதிகாரி அம்மாள் நான்கு மணிக்கு வந்தார். கூரையில் தலை இடிக்காமல் குனிந்து எல்லாவற்றையும் பார்த்தார். “பதினோரு வருஷமா ஒரு நாள்கூட நிக்கலையாமே. எப்படிங்க?”

சர்வர் கணினியின் முதுகைத் துடைக்க ஆரம்பித்தார். வாயைத் திறந்தால் திருடன் வெளியே வந்துவிடுவான் என்று பயந்தார்.

“அவர் அப்படித்தான் மேடம், தன்னைப் பத்திப் பேசவே மாட்டாரு. எல்லாம் கைராசி” என்றார் தலைமை நூலகர்.

“இந்த அறை இப்படியே இருக்கட்டும்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதிகாரி போனார். தலைமை நூலகர் சர்வரின் முதுகில், அவர் தினமும் கணினிக்குக் கொடுக்கும் அதே தட்டைக் கொடுத்தார்.

ஆனால் சந்தோஷம் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. இந்த அறை தன்னுடையது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தார். தனக்கு முன்னால் தினமும் யாரோ வந்து போயிருக்கிறார்கள்.

ஐந்து மணி. கவுன்டர் அக்கா குடையைத் தேடிக்கொண்டிருந்தார். சர்வர் அருகே போய்க் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, ஒரு விஷயம். வெளியில சொல்லிடாதீங்க. அந்த ஓட்டை வழியா இத்தனை வருஷமா ஒருத்தன் உள்ள வந்துட்டுப் போயிருக்கான்.”

“ஐயய்யோ. என்னத்தைத் தூக்கிட்டுப் போனான்?”

“ஒண்ணையும் தூக்கல. எனக்குத் தெரியாம என் வேலையெல்லாம் பாத்துட்டுப் போயிருக்கான். இவ்வளவு பண்ணினவன் ஒரு இடத்துலயாவது தன் பேரைப் போட்டிருக்கலாம். ஏன் போடலைன்னுதான் எனக்குப் புரியல.”

அக்கா குடையைக் கண்டுபிடித்து, தூசு தட்டி, கைப்பையில் செருகிக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

“எட்டு நாப்பதுக்கு வர்றவளுக்குப் பேர் எதுக்கு தம்பி? பேர் வாங்கத்தான் பத்து மணிக்கு நீங்க வந்துடுறீங்களே.”