கிராணி ஐயாவின் பிரஷர்

சிம்பாங் பூலாய்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சான் ராஜுவுக்கு,

முருகன் அருளால் நானும் உன் அக்கா புஷ்பலதாவும் என் பிரஷரும் ஒரே வீட்டில் சுகமாக இருக்கிறோம். சித்தியவானில் நீயும் பிள்ளைகளும் பிரஷர் நீங்கலாக அவ்வண்ணமே இருக்க வேண்டுகிறேன். கண்ணில் புரை விழுந்திருப்பதால் சொல்வது நான், எழுதுவது உன் அக்கா. போனில் பேசினால் நடுவில் புகுந்துவிடுகிறாள். கடிதமென்றால் சொன்னதை எழுதித்தானே ஆக வேண்டும்.

கண் ஆபரேஷனுக்கு இரண்டு முறை போய், இரண்டு முறையும் பிரஷர் நூற்று எண்பதைத் தொட்டதால், மாட்டிவிட்ட பச்சைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். அடுத்த மாதம் ஆறாம் தேதி மூன்றாவது முறை. அன்றும் ஏறினால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டுமாம். அதுவரை பேப்பரை உன் அக்காதான் படித்துக் காட்டுவாள். மரண அறிவித்தல் பக்கத்தைத் தாண்டிவிடுகிறாள் மச்சான். யார் இருக்கிறார், யார் போனார் என்றே தெரியாமல் வாழ்கிறேன். உண்மையைச் சொன்னால் அந்த ஆறாம் தேதியை நினைத்து எனக்குப் பயமாக இருக்கிறது.

கிளினிக்கில் டாக்டர் தேவிஸ்ரீ பொறுமையாக விளக்கினார். வயதானால் உடம்புக்குள் இரும்பில் துரு ஏறுவதுபோல் ஒன்று நடக்குமாம், ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ் என்று பெயராம், ரத்தக் குழாய் விறைத்துப் பிரஷர் ஏறுமாம். "மாத்திரைய விடாதீங்க அங்கிள், தெனமும் அளவா நடங்க" என்று எங்கள் தாமான் குடியிருப்பின் திடலில், அந்தப் பாடாங்கில் நடக்கும் பெரியவர்களோடு சேரச் சொன்னார். போய்ப் பார்த்தால், பாதிப் பேர் நம் பழைய ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். ஒருத்தர் கிழக்கே நடக்கிறார், ஒருத்தி மேற்கே நடக்கிறாள், சன்னாசி நின்றபடி ரொட்டி சானாய் தின்கிறான். முப்பது வருடம் விடியற்காலையில் ஆள்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்த தோட்டத்துக் கணக்கர், இந்தக் கிராணிக்கு மனசு பொறுக்குமா? மறுநாளே ஒரு நோட்டும் தடித்த மார்க்கர் பேனாவும் வாங்கிவிட்டேன்.

ஆறரைக்குப் பெரட்டு. ஐந்து நிமிடம் பிந்தினால் நோட்டில் அரைநாள் பேர்தான் விழும். முதல் வாரம் பழக்கதோஷத்தில் எல்லாரும் "வந்தாச்சு ஐயா" என்றார்கள். இரண்டாம் வாரம், பழைய தோட்டத்து ஆளான காளியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "தோட்டத்த வித்து தாமான் கட்டி இருவது வருசம் ஆச்சு லா. சும்மா நடக்கிறதுக்கு எதுக்கு ஐயா அரைநாள் பேரு? சம்பளம் நீங்களா குடுக்கிறீங்க?" என்றாள். மூன்றாம் வாரம் ஸ்ட்ரைக். மொத்தக் கூட்டமும் பாடாங்கின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. இந்தக் கோடியில் நின்று பேர் கூப்பிட்டேன், குப்பை லாரிக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்தார்.

மாதக் கடைசியில் கிளினிக்கில் அளந்தார்கள். காளியம்மாவுக்கு நூற்று முப்பதுக்குள். சன்னாசிக்குக்கூட இறங்கியிருக்கிறது. எனக்கு நூற்று எண்பத்திரண்டு.

"தெனமும் எவ்ளோ தூரம் நடக்கிறீங்க அங்கிள்?" என்றார் டாக்டர்.

யோசித்துப் பார்த்தேன். "நான் நடக்கல டாக்டர். யார் யார் நடக்கிறாங்கன்னு பாக்கிறேன்."

"மொதல்ல நீங்க நடங்க அங்கிள்" என்று அந்த டாக்டர் பிள்ளை பேனாவைக் கீழே வைத்தது.

அன்றே திருந்தினேன். நோட்டை மனமுவந்து காளியம்மாவிடம் ஒப்படைத்தேன். மூன்று வாரமாகக் கடைசி ஆளாக மூன்று சுற்று நடக்கிறேன். நீ வாங்கிக் கொடுத்த மெஷினில் உன் அக்கா தினமும் பார்த்துச் சொல்கிறாள். நூற்று அறுபது, பிறகு ஐம்பத்தைந்து, நேற்று நூற்று நாற்பத்தைந்து. துரு கழன்றுவிட்டது மச்சான். தூக்கமும் வருகிறது. ஆறாம் தேதி காலை ஏழு மணிக்குக் காரோடு வந்துவிடு. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள், சம்சாரத்துக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் மச்சான்
க. சிவபிரகாசம்
(ஓய்வுபெற்ற கிராணி)

பி.கு.: தம்பி, இது அக்கா. அவர் குளிக்கப் போயிருக்கார். படிச்சுக் காட்டச் சொன்னா இத விட்டுட்டுப் படிச்சிருவேன். நோட்ட அவர் குடுக்கல, காளியம்மா புடுங்கிக்கிட்டா. நடக்கிறது நெசம்தான், ஆனா ஒரு சுத்துதான். மெஷின் நம்பரும் நான் சொன்னது. நூத்தி எழுவத்தஞ்சு காட்டினப்ப பயந்துபோயி அறுவதுன்னு சொல்லிட்டேன், அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினார். கிளினிக்குல நர்ஸ் மிஸ்ஸிகிட்ட நெச நம்பரச் சொல்லித் திட்டும் வாங்கிட்டேன். இன்னிக்குக் காலைல நான் ஒன்னும் கொறைக்காமலே நூத்தி நாப்பத்தெட்டு காட்டுது, ரெண்டு தடவ பாத்துட்டேன். ஆபரேஷன் நடந்துரும்னு தைரியம் வந்திருச்சு. ஆனா கண்ணு தெரிஞ்சா மெஷின அவரே பாப்பார் லா, நம்பர் ஏறினா மறுபடியும் பயந்துருவார். அதனால நீ வர்றப்ப, ரிப்பேர்னு சொல்லி அத உன் வீட்டுக்குக் கொண்டு போயிரு.