கெவுளி கேட்டு வாடகைக்கு வீடு

துடியலூரில் கட்டுப்படியாகிற வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் புரோக்கரைப் பார்த்துப் பயனில்லை. பல்லியைப் பார்க்க வேண்டும். கொங்கு நாட்டில் அதற்குக் கெவுளி என்று பேர். கல்யாணம் பேசக் கெவுளி கேட்பார்கள், கிணறு வெட்டவும் கேட்பார்கள். வீடு வாடகைக்கு விடவும் கேட்கலாம் என்று கண்டுபிடித்த மேதைதான் நம் கெவுளிச்சித்தர்.

ஞாயிறு காலையில் சித்தரின் ஷெட்டில் கால் வைக்க இடமிருக்காது. வீட்டுக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில். வீடு தேடுகிறவர்கள் தரையில். நடுவே துணி மூடிய பெட்டி, உள்ளே தெய்வக் கெவுளி. வீடு கேட்பவரின் பேர், அப்பா பேர், சொந்த ஊர், குலதெய்வம் எல்லாம் சித்தர் விசாரிப்பார். ஒரு பல்லிக்கு இத்தனை விவரம் எதற்கென்று எவரும் கேட்டதில்லை. பெட்டி 'டிக் டிக்' என்றால் வீடு உண்டு. சத்தம் இல்லையென்றால் அந்த வீட்டுக்கு உங்களைப் பிடிக்கவில்லை. காணிக்கை மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

வீடு கேட்டு வந்த மாசாணத்துக்குக் கெவுளி கத்தவில்லை. ரியாஸுக்கும் கத்தவில்லை. இருவரும் காணிக்கையும் வைத்து, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரர் குமாரசாமிக்கு ரொம்ப வருத்தம்.

"நமக்கு ஒண்ணுமில்லீங்க. கெவுளி சொல்லோணுமல்லங்க" என்றார். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

மெர்சி ஒரு மோட்டார் கம்பெனியில் கம்பிக் காயில் சுற்றுகிறவள். குடியிருக்கும் வீட்டை இடிக்கப் போகிறார்கள்; மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். அவள் சம்பளத்துக்குள் அடங்குவது குமாரசாமியின் மாடிவீடு ஒன்றுதான். கூட வேலை பார்க்கும் அம்புஜத்தையும் அழைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். வரும் வழியிலேயே இருவரும் பேரை மாற்றிக்கொண்டார்கள்.

முதலில் மெர்சி உட்கார்ந்து அம்புஜத்தின் பேர், அப்பா, ஊர், குலதெய்வம் எல்லாம் ஒப்பித்தாள். பெட்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, டிக் டிக் டிக் என்றது. குமாரசாமி அட்வான்ஸ் பேசவே ஆரம்பித்துவிட்டார். அடுத்து அம்புஜம் உட்கார்ந்து, அதே வீட்டுக்கு, தன் பேர் மெர்சி என்றாள். அப்பா பேரைச் சொல்வதற்குள் கெவுளிக்குத் தூக்கம் வந்துவிட்டது.

மெர்சி எழுந்து நின்றாள்.

"ஏனுங்க சாமி, நாந்தானுங்க மெர்சி. அவங்கதான் அம்புஜம். உங்க கெவுளிக்கு ஆளு தெரியலைங்களா?"

தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்றார் சித்தர். அம்புஜம் துணியை உருவினாள். பெட்டிக்குள் ஒரு ரப்பர் பல்லி, விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல். சத்தம் வந்தது வேட்டிக்குள் சித்தரின் கால் கட்டைவிரலுக்கடியில் கிடந்த தகரத் தவளையிலிருந்து. காரமடைத் தேர்த்திருவிழாக் கடையில் குழந்தைகளுக்கு விற்கிற, அமுக்கினால் டிக் டிக் என்கிற பொம்மை அது.

காணிக்கை வைத்தவர்கள் சித்தரைச் சூழ்ந்துகொண்டு, தவளையை மிதித்து நொறுக்கினார்கள். அவர்களைவிட வீட்டுக்காரர்களுக்குத்தான் கோபம் அதிகம். மனுஷனுக்குப் பகுத்தறிவு வேண்டாமா என்று குமாரசாமியே கேட்டார்.

மெர்சி நேராக அவரிடம் போனாள்.

"கெவுளி பொய்யின்னு ஆகிப்போச்சுங்க. இனி நீங்களே சொல்லுங்க. மாடிவீடு எனக்கு உண்டுங்களா, இல்லீங்களா?"

குமாரசாமி நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பக்கத்து நாற்காலிக்காரர்களும் பார்த்தார்கள். நிஜப் பல்லி ஏதாவது வந்து காப்பாற்றாதா என்று தேடினார்கள் போலிருக்கிறது. மெர்சி அடுத்த தெருவுக்கு வீடு தேடிப் போனாள்.

தவளையை நொறுக்கிவிட்டீர்கள், சரி. அந்தக் கட்டைவிரல் யாருக்காக அமுக்கியது என்று கொஞ்சம் யோசியுங்கள்.