பீலிக்கரையில் எழுந்த சாமி

"கல்லுல யாராவது கை வச்சீங்க, நடக்கிறதே வேற!" என்றார் வீரபத்திரன்.

தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் பீலிக் குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில், அவர் பெண்சாதி மீனம்மா துணி துவைக்கிற கல் அது. அட்டன் வரலாற்றுக் கழகத்து நாகரத்தினம் வாத்தியாரும் சர்மிளா என்ற பெண்ணும் முட்டி போட்டு, பல் விளக்கும் பிரஷால் அதன் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பின. தேயிலைத் தோட்டம் திறந்த காலத்து எல்லைக் கல்லாம்.

வீரபத்திரனுக்கே மயிர் கூச்செறிந்தது. அதற்காக நம்பிவிட முடியுமா?

"ஒங்களுக்கு எவன் சம்பளம் குடுக்கிறான்?"

"யாருமில்லீங்க ஐயா. சொந்தக் காசுல பஸ் ஏறி வர்றோம். வர்ற ஞாயித்துக்கெழம வேன் கொண்டாந்து, கழகத்துல பத்திரமா வச்சிருவோம்" என்றார் வாத்தியார்.

கூலி வாங்காமல் கல் தேய்க்கிறவன் கட்டாயம் கள்ளன்தான் என்று தீர்மானித்தார்.

வேன் வந்தபோது கல்லுக்கு மஞ்சள், குங்குமம், செவ்வந்தி மாலை.

"கனவுல வந்துச்சு. முனியாண்டி! அசைச்சா குடும்பத்தோட தூக்கிரும்" என்றார் வீரபத்திரன்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராக்காயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தாடி! இத்தன வருசம் நம்ம அழுக்கையெல்லாம் பொறுத்துக்கிட்ட சாமியா!"

வாத்தியார் சப்பாத்தைக் கழற்றினார். "அப்ப எடுக்கவே கூடாது. இங்கேயே வச்சுக் காப்பாத்துவோம்." கழகத்தார் தாங்களே தகரம் சுமந்து வந்து கூரை போட்டு, கம்பிவேலியும் அடித்தார்கள்.

கல் தப்பியது. மீனம்மாதான் தப்பவில்லை. "இனி துணிய எங்கங்க தொவைக்கிறது? ஒங்க மண்டையிலயா?" என்று மூட்டையோடு ஆற்றுக்கு இறங்கினாள்.

கழகத்தாரை விரட்டினால் வேலியைப் பிடுங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார் வீரபத்திரன். "துடியான சாமி, கெடா கேக்குது!" என்று மிரட்டினார்.

"கெடாவா! அந்தச் சடங்கையும் படம் புடிச்சு வைக்கணும்!" என்று சர்மிளா துள்ளினாள். லயமே சேர்ந்து கிடா வாங்கியது.

பூசையன்று உடுக்கை அதிர, மலையிலிருந்து பனி இறங்கி வந்து கூரையைச் சூழ்ந்தது. கற்பூர வெளிச்சத்தில் அந்த எழுத்துகள் பொன்னாக மின்னின. வெறுங்காலோடு நின்ற வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராக்காயி அருள் வந்து ஆடினாள். வீரபத்திரனின் கையும் தன்னாலே குவிந்தது.

பொய் சொன்ன பயம் தாங்க முடியாமல் பூசாரி சின்னத்தம்பியின் காதில் குனிந்தார். "தம்பி, கனவுமில்ல ஒண்ணுமில்ல. தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு நான்தான் பொட்டு வச்சேன்."

பூசாரி உடுக்கையை நிறுத்தவில்லை.

"மெதுவா பேசுங்கண்ணே. மேல கோயில்ல நாம கும்புடுறதே, வெள்ளக்காரத் தொரை தூக்கிட்டுப் போயிருவான்னு எங்க பாட்டன் பொட்டு வச்ச அம்மிக்கல்லுதான்."